பிசிபி லேஅவுட் திரையில் தெரியும் கோடுகளும் நிறங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்யூட்டை வரைந்து முடித்துவிட்டு, அதைப் பிசிபி (பாகங்களைச் செம்புக் கோடுகளால் இணைக்கும் அச்சிட்ட மின்சுற்றுப் பலகை, சுருக்கமாக போர்டு) ஆக்க முதல்முறையாக போர்டு எடிட்டரைத் திறப்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஜூனியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிச் சொல்லி, எந்தக் கேள்விக்குப் பின்னால் எந்தக் கேள்வி வரும் என்பதுகூட எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்ததுதான் இது.

நான் தினமும் புழங்குவது கீகேட் என்ற இலவச மென்பொருள். 1992-இல் பிரான்சைச் சேர்ந்த ஜான்-பியர் ஷராஸ் தொடங்கியது. பிற்காலத்தில் ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகமும் கைகொடுத்து வளர்ந்தது. கீழே சொல்லும் பட்டன்களும் குறுக்குவழிகளும் அதன் 8, 9 பதிப்புகளை வைத்துச் சொல்பவை. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பட்டன்தான் மாறும், விஷயம் மாறாது.

1. போர்டைத் திறந்ததும் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடாக வருதே, அது என்ன? அழிக்கணுமா?

அதற்குப் பெயர் ராட்ஸ்நெஸ்ட், அதாவது எலிக்கூடு. பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்று தோன்றும். சர்க்யூட் படத்தில் நீங்கள் இணைத்த, ஆனால் போர்டில் இன்னும் செம்பால் இணைக்காத ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கோடு. நீங்கள் ட்ராக் (செம்புக் கோடு) போடப் போட அந்தக் கோடுகள் தாமாகவே ஒவ்வொன்றாக மறையும். அழிக்க வேண்டியதில்லை, அழிக்கவும் முடியாது. காட்டு, காட்டாதே என்று மட்டும்தான் சொல்லலாம்.

முக்கியமாக, அது செம்பு இல்லை. போர்டு செய்து தருபவருக்கு அந்தக் கோடு போகவே போகாது. "கோடு இருக்கே, இணைந்துவிட்டது என்று நினைத்தேன்" என்று ஒருவர் சொல்லி, நான் சிரிப்பை அடக்கிக்கொண்டது உண்டு. திரையின் அடியில் இன்னும் இணைக்காதவை எத்தனை என்று ஓர் எண் ஓடும். அது பூஜ்யம் ஆகும்வரை வேலை பாக்கி.

2. அப்போ அந்தக் கோடு போற வழியிலேயே ட்ராக் போட்டால் போதுமா?

போதாது. யாருக்கு யார் சொந்தம் என்பதைத்தான் கோடு சொல்கிறது. எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. ஒரே நெட்டில் (ஒன்றோடொன்று இணைய வேண்டிய முனைகளின் தொகுதி) பத்து பேட் (பாகத்தின் கால் ஒட்டும் செம்புத் திட்டு) இருந்தால், மொத்த நீளம் மிகக் குறைவாக வரும்படி மென்பொருள் அவற்றைக் கோத்துக் காட்டும். அது வெறும் கணக்கு. 3 ஆம்பியர் மோட்டார் லைனுக்கும் ஒரு எல்இடி சிக்னலுக்கும் அதே தடிமனில்தான் கோடு வரும்.

ஆனால் பாகங்களை இடம் வைக்கும்போது இதைவிட நல்ல துணை கிடையாது. ஒரு கனெக்டரைத் தூக்கி ஆர் பட்டனால் சுழற்றிப் பாருங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு முறுக்கிய கயிறு மாதிரி இருந்தால், பிறகு வயாவாக (போர்டின் ஒரு பக்கச் செம்பை மறுபக்கத்தோடு இணைக்கும் துளை) போட்டுத் தள்ள வேண்டியிருக்கும். சுழற்றியதும் சீப்புப் பல் மாதிரி இணையாக நின்றால் பாதி வேலை முடிந்தது. ட்ராக் போடுவதற்கு ஆகும் நேரத்தைவிட, இப்படிச் சுழற்றி நகர்த்திப் பார்ப்பதற்கு நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். வெளியே இருந்து பார்த்தால் சும்மா விளையாடுவது போலத்தான் இருக்கும்.

3. சில ட்ராக் சிவப்பு, சிலது நீலம். போர்டிலும் அப்படியே வருமா?

வராது. சிவப்பு மேல்பக்கச் செம்பு, நீலம் கீழ்ப்பக்கச் செம்பு; உங்கள் கண் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்காக வைத்த அடையாளம், அவ்வளவுதான். கையில் வரும் போர்டின் பச்சையோ கறுப்போ சோல்டர் மாஸ்க் பூச்சின் நிறம். அதை ஆர்டர் போடும்போது தனியாகத் தேர்ந்தெடுப்பீர்கள்.

கணினி வருவதற்கு முன் இந்த வேலையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்மேல் டேப் ஒட்டிச் செய்தார்கள். நிஜ அளவைப்போல இரண்டு மடங்கு, நான்கு மடங்கு பெரிதாக ஒட்டி, கேமராவில் சுருக்கிப் படம் எடுப்பார்கள். அதில் ஒரு முறை: ஒரே தாளில் ஒரு பக்கத்துக்குச் சிவப்பு டேப், மறுபக்கத்துக்கு நீல டேப் ஒட்டுவது. வண்ண வடிகட்டி போட்டுப் படம் எடுத்தால் ஒரு நிறம் மட்டும் விழும். அப்படி ஒரே தாளிலிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து கிடைத்துவிடும். இன்று ஒரு பட்டனில் செய்வதை அன்று இருட்டறையில் செய்திருக்கிறார்கள்.

இப்போது எந்தப் பக்கத்தில் வரைகிறோம் என்பதை மாற்ற: பேஜ் அப் மேல்பக்கம், பேஜ் டவுன் கீழ்ப்பக்கம். ட்ராக் இழுத்துக்கொண்டிருக்கும்போது வி அழுத்தினால் ஒரு வயா போட்டு மறுபக்கம் போய்விடலாம்.

4. லேயர் பட்டியல் நீளமா இருக்கு. எதையெல்லாம் பார்த்தால் போதும்?

இரண்டு பக்க போர்டுக்கு எட்டைத் தெரிந்துகொண்டால் போதும்: இரண்டு செம்பு, இரண்டு சில்க் (எழுத்து அச்சு), இரண்டு மாஸ்க், போர்டின் விளிம்பைச் சொல்லும் எட்ஜ் கட்ஸ், பாகத்தின் எல்லையைச் சொல்லும் கோர்ட்யார்டு. இந்தக் கோர்ட்யார்டுக்கும் இரு பக்கம் உண்டு, நான் ஒன்றாக எண்ணியிருக்கிறேன்.

கோர்ட்யார்டு போர்டில் அச்சாகாது. வீட்டைச் சுற்றி விடும் காலியிடம் மாதிரி, பாகத்தைச் சுற்றி விட வேண்டிய இடத்தை அது காட்டுகிறது. கீகேட் நூலகத்தில் சாதாரணப் பாகங்களுக்குப் பொதுவாக 0.25 மி.மீ. விட்டிருப்பார்கள். இரண்டு பாகங்களின் கோர்ட்யார்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறினால், பேட்கள் முட்டாவிட்டாலும் பாகங்களின் உடம்பு முட்டலாம்.

மாஸ்க் லேயர் மட்டும் எல்லோரையும் ஒருமுறை குழப்பும். அதில் வரைந்திருக்கும் இடம் பூச்சு *இல்லாத* இடம். அங்கே செம்பு திறந்திருக்கும், ஈயம் ஒட்டும். தலைகீழ்க் கணக்கு என்று ஒருமுறை மனதில் பதித்துவிட்டால் சரியாகிவிடும்.

5. எல்லா லேயரும் சேர்ந்து கண்ணைக் கட்டுது. ஒன்றை மட்டும் பார்க்க என்ன வழி?

கண்ட்ரோல் + ஹெச். ஒருமுறை அழுத்தினால் மற்ற லேயர்கள் மங்கும், இன்னொருமுறை அழுத்தினால் மறையும், அடுத்த அழுத்தில் பழையபடி திரும்பும். நான் பெரும்பாலும் "மங்கல்" நிலையிலேயே வேலை செய்கிறேன். முழுக்க மறைத்துவிட்டால் கீழே என்ன இருக்கிறது என்ற நினைவே போய்விடுகிறது.

வலதுபுறப் பலகையில் ட்ராக், வயா, பேட், நிரப்பிய செம்பு (ட்ராக்குகளுக்கு இடையே உள்ள காலி இடத்தை நிரப்பும் செம்பு) ஆகியவற்றுக்குத் தனித்தனியாக ஒளிபுகும் அளவை மாற்றும் இழுவைப் பட்டையும் இருக்கிறது. நிரப்பிய செம்பை மட்டும் குறைத்து வையுங்கள். அந்த ஒரு மாற்றமே பாதித் தலைவலியைத் தீர்க்கும்.

6. ஒரு லேயரை மறைச்சு வெச்சா அது போர்டில் வராதுதானே?

வரும். மறைப்பது உங்கள் கண்ணுக்கு மட்டும். எந்த லேயர் தொழிற்சாலைக்குப் போக வேண்டும் என்பதை கெர்பர் (தொழிற்சாலைக்கு அனுப்பும் லேயர் கோப்புகள்) எடுக்கும் பெட்டியில் தனியாக டிக் செய்கிறீர்கள். அதற்கும் லேயரைக் காட்டி மறைக்கும் கண் அடையாளத்துக்கும் சம்பந்தமில்லை.

7. கிரிட் எவ்வளவு வைக்கணும் அண்ணா? மில்லுன்னா மில்லிமீட்டர்தானே?

இல்லவே இல்லை. இந்த ஒரு குழப்பத்தால் வீணான போர்டுகளை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ. பேச்சில் நாம் மில்லிமீட்டரையும் சுருக்கி "மில்லி" என்று சொல்வதால் வரும் வினை. கண்ட்ரோல் + யு அழுத்தினால் திரையில் அலகு மாறும். ஒரு வேலையைத் தொடங்கும்போது எந்த அலகு என்று முடிவு செய்துவிட்டு அதிலேயே இருங்கள்.

கிரிட் (கர்சர் தாவி நிற்கும் புள்ளி வலை) அளவைப் பொறுத்தவரை: பழைய வகைக் கால் வைத்த பாகங்கள், ஹெடர் பின்கள் எல்லாம் 2.54 மி.மீ. (100 மில்) இடைவெளியில் பிறந்தவை. அவற்றை வைக்க 1.27 மி.மீ. அல்லது 50 மில் கிரிட் வசதி. புதிய மேற்பரப்புப் பாகங்கள் பலவும் 0.5, 0.65, 0.8 மி.மீ. என்று மெட்ரிக்கில் வருகின்றன, அங்கே 0.1 அல்லது 0.25 மி.மீ. கிரிட். விசைப்பலகையில் 'என்' (N) பட்டனை அழுத்தினால் அடுத்த கிரிட், ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் முந்தைய கிரிட். பெரிய பாகங்களைப் பெரிய கிரிட்டில் வைத்து, சின்னவற்றுக்குக் கிரிட்டைக் குறைத்துக்கொண்டே போவதுதான் என் வழக்கம். முதலிலேயே 0.01-இல் தொடங்கினால் எதுவும் எதோடும் நேர்க்கோட்டில் நிற்காது.

8. கிரிட் புள்ளியே காணோம். ஆஃப் ஆயிடுச்சா?

பெரும்பாலும் இல்லை. கிரிட் மிகச் சின்னதாக இருந்து நீங்கள் தூரத்தில் நின்று பார்த்தால், புள்ளிகள் நெருங்கித் திரையே வெளுத்துவிடும் என்பதால் மென்பொருள் அவற்றை வரையாது. உள்ளே ஜூம் செய்யுங்கள், வந்துவிடும். தெரியாவிட்டாலும் கர்சர் அந்தக் கிரிட்டில்தான் நடக்கும்.

9. கர்சர் நான் சொல்ற இடத்தில் நிற்காமல் தாவித் தாவிப் போகுதே?

இரண்டு காந்தங்கள் இழுக்கின்றன. ஒன்று கிரிட். இன்னொன்று பக்கத்தில் இருக்கும் பேட், ட்ராக் முனை, மூலை போன்ற பொருள்கள். கண்ட்ரோலை அழுத்திப் பிடித்தால் கிரிட் விடும். ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால் பொருள்கள் விடும். அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அந்த இழுப்பு உங்களுக்கு உதவத்தான் இருக்கிறது.

ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று சட்டென்று பார்க்க, முதல் இடத்தில் கர்சரை வைத்து ஸ்பேஸ் அழுத்துங்கள். அடியில் ஓடும் எண்கள் அங்கிருந்து கணக்கிடத் தொடங்கும். அளவுகோல் கருவி தனியாக இருக்கிறது, ஆனால் இந்த ஸ்பேஸ் வழக்கம் ஒட்டிக்கொண்டால் அதைத் தேடவே மாட்டீர்கள்.

10. கீழ்ப்பக்க எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பித் தெரியுது. அதை நேராக்கிட்டேன். சரிதானே?

தப்பு, உடனே பழையபடி மாற்றுங்கள். திரையில் நீங்கள் எப்போதும் போர்டை மேலிருந்துதான் பார்க்கிறீர்கள். கீழ்ப்பக்கத்தை போர்டின் ஊடாகப் பார்க்கிறீர்கள். கண்ணாடிக் கதவில் வெளியே ஒட்டிய பெயரைக் கடைக்குள்ளிருந்து படிப்பது மாதிரி. அது திரும்பித் தெரிந்தால்தான் வெளியே நிற்பவருக்கு நேராகத் தெரியும்.

என் முதல் இரண்டு பக்க போர்டில் நானே இதைச் செய்தேன். என் பெயரும் தேதியும் அழகாகக் கண்ணாடி எழுத்தில் அச்சாகி வந்தன. பெயர் என்பதால் போகட்டும். கனெக்டர் பின்களுக்குப் பக்கத்தில் எழுதிய கூட்டல், கழித்தல் அடையாளங்களையும் படிக்க வசதியாக இடம் மாற்றி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். கீழ்ப்பக்கத்தை நேராகப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், வியூ மெனுவில் போர்டைத் திருப்பிக் காட்டும் வசதி இருக்கிறது. அது பார்வையை மட்டும் திருப்பும், எழுத்தைத் தொடாது.

11. ஒரு நெட் எங்கெல்லாம் போகுதுன்னு ஒரே பார்வையில் பார்க்க முடியுமா?

முடியும். அந்த ட்ராக் மேல் கர்சரை வைத்து, எஸ்கேப் பட்டனுக்குக் கீழே இருக்கும் சாய்ந்த ஒற்றைக் குறிப் பட்டனை அழுத்துங்கள். அந்த நெட் மட்டும் ஒளிரும், மற்றவை இருளும். ஷிஃப்டோடு அதே பட்டனை அழுத்தினால் பழைய நிலை. சர்க்யூட் படத்தையும் போர்டையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்திருந்தால், படத்தில் ஒரு பாகத்தைத் தொட்டதும் போர்டில் அதே பாகம் தேர்வாகும். இரண்டு மானிட்டர் வாங்குவதற்கு வீட்டில் சொல்லக்கூடிய நியாயமான காரணம் இது ஒன்றுதான்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் நெட்டுக்கே நிறம் கொடுக்கலாம். வலதுபுறப் பலகையில் நெட்ஸ் என்ற பிரிவு இருக்கிறது. நான் 5 வோல்ட்டுக்கு ஆரஞ்சு, மின்கலத்திலிருந்து நேராக வருவதற்கு மஞ்சள், சென்சார் சிக்னலுக்கு வெளிர்பச்சை என்று வைத்திருக்கிறேன். அந்த நிறத்தை ராட்ஸ்நெஸ்ட் கோட்டுக்கு மட்டும் கொடுக்கும் தேர்வு அதற்கு அடியில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள். ட்ராக்குக்கும் கொடுத்துவிட்டால் 3-ஆம் கேள்வியில் சொன்ன சிவப்பு, நீல வித்தியாசம் காணாமல் போய்விடும்.

12. ட்ராக் இழுக்கும்போது சுத்தி ஒரு மெல்லிய எல்லைக்கோடு வருது. ரெண்டு கோடு ஒன்றின்மேல் ஒன்று ஏறுது, ஆனா எர்ரர் காட்டல. ஏன்?

அது இடைவெளி எல்லை. இந்தச் செம்பிலிருந்து இத்தனை தூரத்துக்குள் வேறு நெட்டின் செம்பு வரக் கூடாது என்று சொல்கிறது. 0.2 மி.மீ. இடைவெளி என்று நீங்கள் விதித்திருந்தால், ஒவ்வொரு ட்ராக்கும் தன்னைச் சுற்றி 0.2 மி.மீ. வட்டம் போட்டுக்கொள்ளும். இரண்டு ட்ராக்குக்கு நடுவே தேவைப்படுவது 0.2 மட்டுமே, 0.4 இல்லை. அதனால் எல்லையும் எல்லையும் ஏறலாம். ஒன்றின் எல்லை இன்னொன்றின் *செம்பைத்* தொட்டால்தான் தவறு. இரண்டுக்கும் வெவ்வேறு இடைவெளி விதித்திருந்தால் பெரியதுதான் செல்லும்.

இதை எப்போதும் காட்டும்படி வைக்கலாம், ட்ராக் போடும்போது மட்டும் காட்டும்படியும் வைக்கலாம். இரண்டாவதை வையுங்கள். எப்போதும் இருந்தால் கண் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடும்.

13. டெகப்ளிங் கெப்பாசிட்டரை வைத்தேன், ராட்ஸ்நெஸ்ட் கோடும் போச்சு. அப்புறமும் "தப்பான இடம்" என்கிறீர்களே?

2-ஆம் கேள்வியின் பதில் இங்கேதான் கடிக்கும். ஒரு போர்டில் ஐந்து ஐசி, ஒவ்வொன்றின் பவர் பின்னுக்கும் ஒரு 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் என்று வையுங்கள். படத்தில் நீங்கள் எதை எதற்கு என்று நினைத்து வரைந்தீர்களோ, அது மென்பொருளுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது: ஐந்து கெப்பாசிட்டரும் ஐந்து ஐசியும் ஒரே 3.3 வோல்ட் நெட், ஒரே கிரவுண்ட் நெட். ஆகவே எந்தக் கெப்பாசிட்டரை எங்கே வைத்தாலும் பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு பேடுக்குக் கோடு இழுக்கும். ஐந்தையும் போர்டின் ஒரு மூலையில் வரிசையாக நிறுத்தினாலும் அதற்குப் புகார் இருக்காது.

அந்தக் கெப்பாசிட்டரின் வேலையே, ஐசி சட்டென்று மின்னோட்டம் கேட்கும் நொடியில் பக்கத்திலிருந்து கொடுப்பது. நாலு அங்குலம் தள்ளி நின்றால் நடுவில் உள்ள ட்ராக்கின் தூண்டல் தடுத்துவிடும். கோடு மறைந்தது என்றால் "இணைப்பு இருக்கிறது" என்று மட்டும் பொருள். "நன்றாக இருக்கிறது" என்று பொருள் இல்லை.

வழி என்னவென்றால், படத்திலேயே ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் அதன் ஐசிக்குப் பக்கத்தில் வரையுங்கள். எல்லாவற்றையும் ஓர் ஓரத்தில் குவிப்பது பார்க்க அழகு, லேஅவுட்டுக்குத் தொல்லை. பிறகு 11-இல் சொன்னபடி படத்தில் தொட்டு, போர்டில் எது தேர்வாகிறது என்று பார்த்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வையுங்கள். இந்தக் கட்டத்தில் ராட்ஸ்நெஸ்ட்டை நான் அணைத்தேவிடுகிறேன். பொய் சொல்லாது, ஆனால் கவனத்தைத் திருப்பும்.

14. கிரவுண்ட் கோடுகள்தான் நூற்றுக்கணக்கில். எப்படியும் செம்பு நிரப்பப் போறேன்னு மறைச்சுட்டேன். ஆபத்தா?

எல்லோரும் செய்வதுதான், நானும் செய்கிறேன். நெட்ஸ் பிரிவில் கிரவுண்ட் பெயருக்குப் பக்கத்தில் உள்ள கண்ணை மூடினால் அந்த நெட்டின் கோடுகள் மட்டும் மறையும். திரை சட்டென்று சுத்தமாகும். மீதி சிக்னல்களைப் பார்த்து நிம்மதியாக இடம் வைக்கலாம்.

ஆபத்து பின்னால் வரும். நீங்கள் குறுக்கும் நெடுக்கும் ட்ராக் போடும்போது நிரப்பிய செம்பு துண்டு துண்டாக வெட்டுப்படும். எதோடும் ஒட்டாத தீவு ஒன்று உருவானால் கீகேட் வழக்கமாக அதை எடுத்துவிடும். நாலு பக்கமும் ட்ராக் சூழ்ந்த ஒரு கிரவுண்ட் பேட் அனாதையாக நிற்கும். அப்போது அந்த பேடுக்கு ஒரு கோடு மீண்டும் முளைத்திருக்கும், ஆனால் நீங்கள்தான் கண்ணை மூடி வைத்திருக்கிறீர்களே! ஆகவே ட்ராக் முடிந்ததும் முதல் வேலை, மூடிய கண்ணைத் திறப்பது. மறந்தாலும் டி.ஆர்.சி. சோதனை (நீங்கள் விதித்த விதிகளை போர்டு மீறுகிறதா என்று மென்பொருள் பார்ப்பது) பிடித்துக்கொடுக்கும், 1-இல் சொன்ன அந்த அடி எண்ணும் பூஜ்யம் ஆகாது.

15. செம்பு நிரப்பினப்புறம் ஒரு ட்ராக்கை நகர்த்தினேன். ட்ராக் செம்பு மேலேயே ஏறி நிற்குது. ஷார்ட் ஆயிடுமா?

நீங்கள் பார்ப்பது பழைய படம். நிரப்பிய செம்பு ஒருமுறை கணக்கிட்டு வரைந்தது. நீங்கள் நகர்த்தியது அதற்குத் தெரியாது. பி அழுத்துங்கள், மீண்டும் கணக்கிட்டு ட்ராக்கைச் சுற்றி வழிவிடும். கண்ட்ரோல் + பி அழுத்தினால் நிரப்பிய செம்பு எல்லாம் போய் எல்லை மட்டும் நிற்கும். வேலை செய்யும்போது அதுதான் எனக்கு வசதி.

பழைய படத்தோடு கெர்பர் எடுத்தால் நிஜமாகவே ஷார்ட் ஆகும். டி.ஆர்.சி. பெட்டியிலும் கெர்பர் பெட்டியிலும் செம்பு நிரப்பலைச் சரிபார்க்கும் டிக் இருக்கிறது. இரண்டையும் போட்டே வையுங்கள்.

16. ஒரு எழுத்தை எத்தனை முறை கிளிக் பண்ணினாலும் தேர்வாகல. ஹேங் ஆயிடுச்சா?

வலதுபுறம் அடியில் தேர்வு வடிகட்டி என்ற சின்னப் பெட்டியைப் பாருங்கள். "எழுத்து" டிக் எடுத்திருக்கும். அதுவும் இல்லையென்றால் அந்தப் பொருளைப் பூட்டி வைத்திருப்பீர்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்து அரைமணி நேரம் போக்கியவர்கள் உண்டு.

17. எனக்குச் சிவப்பு, பச்சை வித்தியாசம் சரியாகத் தெரியாது. இந்த வேலைக்கு வரலாமா?

தாராளமாக வரலாம். கீகேட்டின் பழைய நிறத்தொகுப்பில் மேல் செம்பு சிவப்பு, கீழ் செம்பு பச்சையாக இருந்தது. உங்களுக்கு அது கஷ்டம்தான். இப்போதைய தொகுப்பில் பச்சை போய் நீலம் வந்துவிட்டது. அதுவும் போதாவிட்டால் புதிதாக ஒரு தொகுப்பு உருவாக்கி, நிறத்தை நம்பாமல் வெளிச்சத்தை நம்புங்கள்: ஒரு லேயரை நன்றாக வெளிர், இன்னொன்றை நன்றாக அடர்த்தி. அதோடு 5-இல் சொன்ன மங்கல் முறையைச் சேர்த்துக்கொண்டால் நிறமே தேவைப்படாது. பேட், ட்ராக் மேலேயே நெட் பெயர் எழுதிக் காட்டும் வசதியும் இருக்கிறது, அதை அணைக்காதீர்கள்.

18. 3டி படத்தில் சூப்பரா இருக்கு. ஆர்டர் போட்டுடலாமா?

பொறுங்கள். ஆல்ட் + 3 அழுத்தி வரும் அந்தப் படம் சில விஷயங்களுக்கு அருமையானது: யுஎஸ்பி கனெக்டரின் வாய் போர்டுக்கு வெளியே பார்க்கிறதா, உயரமான கெப்பாசிட்டர் ஹீட்சிங்க்கில் இடிக்கிறதா, சில்க் எழுத்து பேடுக்கு மேல் விழுந்து வெட்டுப்படுகிறதா. சில்க்கை மாஸ்க் விளிம்பில் வெட்டிக் காட்டும் தேர்வு அதன் அமைப்புகளில் இருக்கிறது, அதைப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்த 3டி உருவம் தனிக் கோப்பு. ஃபுட்பிரிண்ட்டோடு (ஒரு பாகத்துக்கான பேட், துளைகளின் வரைபடம்) ஒட்ட வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் வாங்கப்போகும் பாகம் அதுதானா என்று அதற்குத் தெரியாது. என் அனுபவம் ஒன்று: எட்டுப் பின் ஸ்க்ரூ டெர்மினல். ஃபுட்பிரிண்ட் 5.08 மி.மீ. இடைவெளி, சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்தது 5.00 மி.மீ. இரண்டு பின் என்றால் 0.08 வித்தியாசம், துளைக்குள் அடங்கிவிடும். எட்டுப் பின்னுக்கு அது 0.56 மி.மீ. கடைசிக் கால் உள்ளே போகவில்லை. படத்தில் கச்சிதமாகத்தான் உட்கார்ந்திருந்தது.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. போர்டை 1:1 அளவில் தாளில் பிரிண்ட் எடுத்து, பிரிண்டரின் "பக்கத்துக்குப் பொருத்து" தேர்வை எடுத்துவிட்டதை உறுதி செய்ய விளிம்பை ஸ்கேல் வைத்து அளந்து, நிஜப் பாகங்களைத் தாள்மேல் குத்திப் பார்ப்பேன். பத்து மடங்கு பெரிதாக்கிய திரையில் 0.15 மி.மீ. ட்ராக் நெடுஞ்சாலை மாதிரி தெரியும். தாளில் பார்த்தால்தான் அது தலைமுடி என்று புரியும். சில்க் எழுத்தும் அப்படித்தான். 1 மி.மீ. உயரத்துக்குக் கீழே போனால் தாளிலேயே படிக்கத் திணறுவீர்கள்.

19. டி.ஆர்.சி.யில் தவறைக் காட்டும் ஒரு அம்புக்குறிகூட இல்லை. இன்னும் என்ன பார்க்கணும்?

டி.ஆர்.சி. நீங்கள் விதித்ததை மட்டும் சரிபார்க்கும். உங்களுக்கு போர்டு செய்பவரால் 0.15 மி.மீ. வரைதான் முடியும், நீங்கள் 0.1 என்று விதித்திருந்தால், அது "எல்லாம் சரி" என்றே சொல்லும். அவர்களுடைய எல்லை அளவுகளைப் பார்த்து முதலில் விதியை எழுதுங்கள். பழைய அம்புக்குறிகளை "விலக்கு" என்று ஒதுக்கி வைத்திருந்தால் அவையும் பட்டியலில் தெரியாமல் இருக்கும். விலக்கியவற்றையும் காட்டச் சொல்லி ஒருமுறை படியுங்கள். 13-இல் சொன்ன கெப்பாசிட்டர் மாதிரி விஷயங்கள் இதன் கண்ணுக்கே படாது.

அப்புறம் கெர்பர். இதுவரை பேசிய ராட்ஸ்நெஸ்ட், எல்லைக்கோடு, ஒளிர்வு எல்லாம் எடிட்டருக்குள்ளேயே தங்கிவிடும். தொழிற்சாலை பார்ப்பது கெர்பர் கோப்புகளையும் துளைக் கோப்பையும் மட்டும். கீகேட்டோடு வரும் கெர்ப்வியூவில், எடிட்டரில் இருப்பதை அல்ல, அனுப்பப்போகும் அதே ஜிப்பைத் திறந்து பாருங்கள். நான் பார்க்கும் வரிசை: விளிம்பு லேயர் இருக்கிறதா, அது மூடிய வடிவமா, துளைகள் பேட்களின் நடுவில் விழுகின்றனவா, மாஸ்க் லேயரில் ஒவ்வொரு பேடுக்கும் திறப்பு இருக்கிறதா, கீழ்ப்பக்க எழுத்து *திரும்பித்* தெரிகிறதா. கடைசியாகச் சொன்னது நேராகத் தெரிந்தால் 10-க்குத் திரும்பிப் போங்கள்.